ஒரு பக்கத்தைத் தொறந்தா மட்டும் ஸ்கிரீன் நடுங்குது: நடந்ததை எழுதுறேன், உங்க அனுபவத்தையும் போடுங்க

செந்தூல்வாசி:

வணக்கம் எல்லாருக்கும். "அந்த வெப்சைட்டுக்குப் போனதுலேர்ந்துதான் ஸ்கிரீன் இப்படி ஆயிருச்சு"ன்னு யாராச்சும் சொன்னா ஒடனே வைரஸ்னு முடிவு கட்டிடுறாங்க, பாதிக் கடையில அடுத்த வார்த்தையே பார்மட்தான். நம்ம பிள்ளைங்களோட பாடக் குறிப்பு, கல்யாண ஃபோட்டோ எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்லதான் கெடக்கு, காரணம் தெரியாம அதை அழிக்க விட்டுறக்கூடாதுங்கிறது என் எண்ணம். எங்க வீட்டுல நடந்ததைக் கொஞ்சம் வெவரமாவே எழுதுறேன், நீளமா இருந்தா பொறுத்துக்குங்க.

அக்கா மக நான்காம் படிவம் படிக்கிறா. பழைய லேப்டாப், 1366க்கு 768 ஸ்கிரீன், விண்டோஸ் 10. கணக்குப் பயிற்சி போடுற ஒரு சைட்டு இருக்கு, அதைத் தொறந்தா போதும், பக்கத்தோட சாம்பல் நெறப் பின்னணி அப்படியே நடுங்கும், மெல்லிசா கோடு ஓடுற மாதிரி தெரியும், பிள்ளைக்குத் தலைவலியே வந்திருச்சு. வேற எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுமில்ல. அக்கா பயந்து கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கு, அங்க சைட்டுலேர்ந்து வைரஸ் ஏறிருச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்னு சொல்லிருக்காங்க. அக்கா ஃபோன் பண்ணி "தம்பி, விட்டுட்டு வந்துரவா"ன்னு கேட்டுச்சு, வேணாங்கா நேரா இங்க கொண்டு வான்னு சொல்லிட்டேன்.

மொதல்ல வாட்சப்ல வீடியோ எடுத்து அனுப்பிருந்தாங்க, அதை நான் கணக்குலயே எடுத்துக்கல. ஃபோன் கேமராவோட வேகமும் ஸ்கிரீனோட வேகமும் ஒத்துப்போகலன்னா நல்லா இருக்குற ஸ்கிரீன்லகூட கறுப்புப் பட்டை ஓடுற மாதிரி பதிவாகும், வீடியோவை வெச்சு யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது.

நேர்ல பார்த்தா பிள்ளை சொன்னது உண்மைதான். அந்தப் பக்கம் தெரியும்போதே கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைக் கொண்டாந்தேன். இது மைக்ரோசாஃப்ட்டே சொல்லித்தர்ற சோதனை, டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து நடுங்குனா டிஸ்ப்ளே டிரைவர், அதாவது ஸ்கிரீனை இயக்குற சாஃப்ட்வேர் மேல சந்தேகப்படணும், அது மட்டும் அசையாம நின்னா ஏதோ ஒரு அப்ளிகேஷன்தான் காரணம்னு எடுத்துக்கணும். இங்க அது கல்லு மாதிரி நின்னுச்சு. அப்போ பிரவுசர்தான் போலன்னு குரோமை மூடிட்டு ஃபயர்ஃபாக்ஸ்ல தொறந்தேன், அதே நடுக்கம். இன்காக்னிட்டோ, எக்ஸ்டென்ஷன் எல்லாம் நிறுத்திப் பார்த்தது, எதுலயும் மாத்தமில்ல. அந்த விதி பெரும்பாலான நேரத்துக்குச் சரி, ஆனா இதுக்கு அது பத்தல.

அடுத்து செஞ்சதுதான் விஷயத்தையே தொறந்து காட்டுச்சு. அந்தப் பக்கத்தை பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கி படமா சேமிச்சு என் ஃபோனுக்கு அனுப்பினேன், ஃபோன்ல பார்த்தா படம் சுத்தமா இருக்கு, நடுக்கம் இல்ல. அப்புறம் லேப்டாப்ல வைஃபையை அணைச்சேன், பிரவுசரை முழுசா மூடினேன், அதே படத்தை ஃபுல் ஸ்கிரீன்ல வெச்சேன். நடுங்குது! இன்டர்நெட் இல்ல, சைட்டு இல்ல, எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடல, வெறும் ஒரு படம், அதுக்கே நடுங்குது. கேபிள் போட்டு ஹால்ல இருக்குற டிவிக்குக் குடுத்தா அதுல ஒண்ணுமே இல்ல. அக்காகிட்ட, இது வைரஸா இருக்க வழியே இல்லக்கா, ஒரு படத்தைக் காட்டினா லேப்டாப்போட பேனல், அதாவது ஸ்கிரீன் பலகை தடுமாறுது, அவ்வளவுதான்னு சொன்னேன்.

ஏன் அந்தப் படத்துக்கு மட்டும்? பக்கத்தை 500 சதவீதத்துக்குப் பெருசாக்கிப் பார்த்தேன். நம்ம கண்ணுக்குச் சாம்பலாத் தெரியுற பின்னணி நெஜத்துல சாம்பலே இல்ல, ஒரு புள்ளி கறுப்பு ஒரு புள்ளி வெள்ளைன்னு சதுரங்கப் பலகை மாதிரி மாத்தி மாத்தி வெச்சிருக்காங்க. எல்சிடி பேனலுக்குள்ள இருக்குற திரவப் படிகத்துக்கு ஒரே திசையில வோல்டேஜ் குடுத்துக்கிட்டே இருந்தா அது கெட்டுப்போயிரும், அதனால ஸ்கிரீன்ல வர்ற ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை படம் புதுசாகும்போதும் பிளஸ் மைனஸை மாத்தி மாத்திக் குடுப்பாங்க. பிளஸ்ல வர்ற வெளிச்சமும் மைனஸ்ல வர்ற வெளிச்சமும் அச்சா ஒரே அளவா இருக்காது, கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், வெலை கொறஞ்ச பேனல்ல இன்னும் கூட. அது நமக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு எதிர் எதிரா குடுத்து சமப்படுத்துறாங்க. பிள்ளைக்கு நான் இப்படிச் சொன்னேன்: அசெம்ப்ளியில ஒத்தை வரிசை எந்திரிக்கும்போது இரட்டை வரிசை உக்காருது, தூரத்துலேர்ந்து பாக்குறவங்களுக்குக் கூட்டம் ஒரே மட்டமாத்தான் தெரியும், ஆனா ஒத்தை வரிசைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுட்டு மத்தவங்களை இருட்டுல நிறுத்துனா வெள்ளை மட்டும் ஏறி எறங்குறது பளிச்சுன்னு தெரிஞ்சிரும். அந்தப் பின்னணி செய்யுறது அதையேதான், ஒரே பக்கம் சாயுற புள்ளிகளை மட்டும் ஏத்திவிட்டு மீதியை அணைச்சிருது. செகண்டுக்கு 60 தடவை படம் புதுசாகுற 60 ஹெர்ட்ஸ் பேனல்ல அந்த ஏத்த இறக்கம் செகண்டுக்கு 30 தடவை வரும், கண்ணு அதைப் புடிச்சிரும், தலைவலியும் வரும்.

இதுக்கு மருந்து என்னன்னா கண்ட்ரோலோட பிளஸ் அமுக்கி 110 சதவீதம் வெச்சேன், நடுக்கம் காணோம். பெருசாக்கும்போது அந்த ஒத்தைப் புள்ளிக் கட்டம் கலைஞ்சிருது இல்லையா. குரோம் அந்த சைட்டுக்கு மட்டும் அந்த அளவை ஞாபகம் வெச்சுக்கும், பிள்ளை ஒண்ணுமே செய்ய வேண்டியதில்ல. அக்கா மனசு சமாதானமாகணும்னு விண்டோஸோட டிஃபெண்டர்லயும் முழு ஸ்கேன் ஓட விட்டேன், சுத்தம். சைட்டு நடத்துறவங்களுக்கும் மெயில் போட்டு அந்தப் பின்னணியை வெறும் சாம்பலா மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன், அவங்க மேல தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா பழைய லேப்டாப் வெச்சுப் படிக்கிற பிள்ளைங்க இன்னும் நெறைய பேரு இருக்காங்க, அவங்களுக்கும் தலை வலிக்கும்ல.

உங்க வீட்டுல இந்த மாதிரி எதாச்சும் நடந்திருந்தா கீழ போடுங்க.

பாயான் லெப்பாஸ்காரன்:

அண்ணே, அந்த வைஃபையை அணைச்சுட்டுப் படத்தைப் பாக்குற சோதனை ரொம்ப நல்லா இருக்கு, எங்க ஆபீஸ்லயும் சொல்லிக் குடுக்கப் போறேன். எங்க பக்கம் நடந்தது வேற மாதிரி. நான் வேலை செய்யுற எடத்துல ஒரு அக்கா புது லேப்டாப் வாங்கினாங்க, விண்டோஸ் 11. சம்பளம் பாக்குற பக்கம் தொறந்தா ஸ்கிரீன் மெதுவா வெளிச்சமாகும், திரும்ப கறுப்புப் பின்னணி இருக்குற எடிட்டர் ஆப்புக்குப் போனா மங்கிரும், யாரோ உள்ள பூந்து வெளிச்சத்தை மாத்துறாங்கன்னு பயந்து பாஸ்வேர்டு எல்லாம் மாத்திட்டாங்க பாவம். நான் கேட்ட மொதக் கேள்வி சார்ஜர் போட்டாலும் இப்படியாங்க்கான்னு. இல்ல தம்பி, பேட்டரியில இருக்கும்போது மட்டும்தான்னு சொன்னாங்க, அப்பவே தெரிஞ்சிருச்சு. செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, அங்க பிரைட்னஸ் பக்கத்துல இருக்குற அம்பைத் தட்டுனா "சேஞ்ச் பிரைட்னஸ் பேஸ்ட் ஆன் கண்டென்ட்"னு ஒண்ணு இருக்கும், பேட்டரியை மிச்சப்படுத்துறதுக்காக ஸ்கிரீன்ல வெள்ளை எவ்ளோ கறுப்பு எவ்ளோன்னு பார்த்து அதுவே வெளிச்சத்தை ஏத்தி எறக்கும். அதை ஆஃப் பண்ணியாச்சு, போச்சு. சில லேப்டாப்ல அந்த வரி இருக்காது, அப்போ இன்டெல் கிராஃபிக்ஸ் ஆப்புக்குள்ள பவர் பக்கத்துல அதே வேலையைச் செய்யுற ஒண்ணு இருக்கும், அதையும் பார்த்துருங்க. ஃபோட்டோ எடிட் பண்றவங்க, துணி வித்து கலர் சரியா காட்டணும்னு நெனைக்கிறவங்க வாங்கின அன்னைக்கே இதை அணைச்சு வெச்சிருங்க.

கெப்போங் அண்ணன்:

தம்பிங்களா, நான் வீட்டுலயே சின்னதா ரிப்பேர் பாக்குறவன், எங்கிட்ட இந்த மாதிரி வர்றதுல பாதி பிரவுசரோட ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்தான். வீடியோ இருக்குற பக்கம், இல்லன்னா மேப் மாதிரி நெறைய அசையுற பக்கம் தொறந்தா கறுப்புச் சதுரம் சதுரமா வரும், பச்சையா ஒரு மின்னல் அடிக்கும், சில நேரம் ஸ்கிரீன் முழுக்க ஒரு செகண்டு இருட்டாகித் திரும்ப வரும். பக்கத்தை வரையுற வேலையை பிரவுசர் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தள்ளிவிடுது, அந்தச் சிப்போட டிரைவர் பழசா இருந்தா அங்கதான் சிக்கும், சைட்டு மேல பழி விழும். குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பக்கத்துல கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்ங்கிற பேருல இருக்குறது இதுதான், அதை அணைச்சு ரீலாஞ்ச் குடுத்துப் பாருங்க. நின்னுச்சுன்னா காரணம் கெடைச்சிருச்சு, ஆனா அதோட விட்டுறாதீங்க, லேப்டாப் கம்பெனியோட சைட்டுலேர்ந்து உங்க மாடலுக்கு உள்ள டிரைவரைப் போட்டுட்டுத் திரும்ப ஆன் பண்ணுங்க, இல்லன்னா வீடியோ பாக்கும்போது சிபியு திணறும் ஃபேன் கத்தும். வேலைக்கு நடுவுல திடீர்னு ஸ்கிரீன் உறைஞ்சு போச்சுன்னா விண்டோஸ் கீயோட கண்ட்ரோல் ஷிஃப்ட் பி (B) சேர்த்து அமுக்குங்க, ஒரு பீப் கேக்கும், கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதுசா தொடங்கும், தொறந்து வெச்சிருக்குற ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு. யாராச்சும் கோடு விழுதுன்னு வந்தா நான் விண்டோஸுக்குள்ளயே போக மாட்டேன், மொதல்ல பயோஸ் ஸ்கிரீனை, அதாவது விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தொறக்குற செட்டிங்ஸ் ஸ்கிரீனைத் தொறந்து பாப்பேன். அங்கயும் கோடு இருந்தா எந்த வெப்சைட்டும் அதுக்குப் பொறுப்பில்ல, விண்டோஸே இன்னும் எந்திரிக்கல இல்லையா. இதைக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே யார் வேணும்னாலும் செய்யலாம்.

பிறை அம்மா:

நான் கம்ப்யூட்டர் படிச்சவ இல்ல, ஆனா இதை எழுதணும்னு தோணுது. எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனவரு, சமையல் குறிப்போ என்னமோ தேடும்போது ஸ்கிரீன் முழுக்க நீலமா ஆயிருச்சு, பீப் பீப்னு சத்தம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், அணைக்காதீங்க, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு ஒரு பொம்பளை குரல் வேற. மௌஸ் அசையல, மூடுற குறி எதுவும் இல்ல. அவரு கை நடுங்க ஃபோனை எடுத்துட்டாரு, நான் கையைப் புடிச்சு வெச்சுட்டு கோலாலம்பூர்ல இருக்குற மகனைக் கூப்பிட்டேன். அம்மா, எஸ்கேப்பைத் தட்டாம அப்படியே அமுக்கிப் புடிச்சிருங்கன்னு சொன்னான், புடிச்சதும் ஃபுல் ஸ்கிரீன் வெலகிருச்சு, அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை எண்ட் டாஸ்க் குடுக்கச் சொன்னான். திரும்பத் தொறக்கும்போது பழைய பக்கத்தை ரீஸ்டோர் பண்ணவான்னு கேட்டுச்சு, வேணாம்னு குடுத்தேன், எல்லாம் சரியாயிருச்சு. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே ஆகல, அது வெறும் ஒரு பக்கம்தானாம். மைக்ரோசாஃப்ட் குடுக்குற எச்சரிக்கையில ஃபோன் நம்பரே இருக்காதுன்னு மகன் சொன்னான், இதை மட்டும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கே சொல்லிருங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒருத்தங்க அந்த மாதிரி நம்பருக்குக் கூப்பிட்டுட்டாங்க, அவங்க சொன்ன ஆப்பையும் போட்டுட்டாங்க, பேங்க் காசு போச்சு. அப்படி ஆயிருச்சுன்னா வெக்கப்பட்டு உக்காந்திருக்காதீங்க, ஒடனே இன்டர்நெட்டைத் துண்டிச்சிட்டு பேங்குக்கும் 997க்கும் கூப்பிடுங்க, 997 நம்ம மலேசியாவுல மோசடிக்குன்னே 2022லேர்ந்து இருக்குற நம்பர்.

அப்புறம் எங்க ஸ்கிரீன் மூலையில அடிக்கடி வைரஸ் வைரஸ்னு சின்னப் பெட்டி வந்துக்கிட்டே இருந்துச்சு, அதுவும் வைரஸ் இல்லையாம், எப்பவோ ஒரு சைட்டுல நோட்டிஃபிகேஷனுக்கு அலோவ்னு தட்டிருக்காரு. மகன் சைட் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பக்கம் போயி தெரியாத பேரை எல்லாம் எடுத்துட்டான், அன்னையிலேர்ந்து அமைதி.

செந்தூல்வாசி:

அம்மா, நீங்க ஃபோனைப் புடுங்கி வெச்சது ரொம்பப் பெரிய காரியம், ரொம்ப நன்றி எழுதினதுக்கு.

தனியா ஒருத்தர் கேட்டிருந்தாரு, அவரு லேப்டாப்ல எந்தப் பக்கம் தொறந்தாலும் செங்குத்தா ரோஸ் கோடு, மூடியைக் கொஞ்சம் சாய்ச்சா போயிருது, பேனல் மாத்தணும்னு சொல்றாங்க மாத்தவான்னு. சாய்க்கும்போது மாறுதுன்னா கீல் வழியா போற டிஸ்ப்ளே கேபிள் மேலதான் எனக்கு மொத சந்தேகம், தொறந்து மூடித் தொறந்து மூடி அது தேயும், இல்லன்னா சாக்கெட்ல கொஞ்சம் கழண்டிருக்கும். பேனல் வெலையைப் பாத்தா கேபிள் ரொம்பக் கம்மி. டிவியையோ மானிட்டரையோ சேர்த்துப் பாருங்க, அதுல கோடு இல்லன்னா கிராஃபிக்ஸ் சிப்பு நல்லாத்தான் இருக்கு. கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர் கடைங்க இருக்குற லோ யாட்டுக்குப் போனீங்கன்னா ஒரே கடையில முடிவு பண்ணாதீங்க, மொதல்ல கேபிளைக் கழட்டி மாட்டிப் பாக்கச் சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாடியே செய்யச் சொல்லுங்க, பேனல் மாத்துறதா இருந்தா பழைய பேனலைத் திரும்பக் கேளுங்க. ஹார்ட் டிஸ்கைத் தொடணும்னு சொன்னா ஏன்னு கேளுங்க, கோடு விழுறதுக்கும் உங்க ஃபைலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.