3.8 லட்சம் ஓடின இன்னோவாவுக்கு எந்த பவர் ஸ்டியரிங் ஆயில்? மெக்கானிக் ஒண்ணு சொல்றார், மூடி ஒண்ணு சொல்லுது

பவானிக்காரன்
வணக்கங்க. 2009 இன்னோவா 2.5 டீசல், 3,80,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சு. பவர் ஸ்டியரிங் டப்பாவுல ஆயில் கருங்காப்பி நிறத்துல இருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ்ல வளைச்சா ஊய்ங்ங்னு சத்தம். அப்பப்ப கொஞ்சம் டாப்-அப் பண்ண வேண்டியிருக்கு, ஆனா தரையில ஒரு சொட்டு கூட விழறதில்லை. மூடியில "டெக்ஸ்ரான் 2 அல்லது 3 ஏடிஎஃப்"னு பாதி அழிஞ்ச எழுத்து, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயில். எங்க ஊர் மெக்கானிக், எல்லா வண்டிக்கும் சேர்ற பச்சை ஆயில் ஊத்திடலாம், கூடவே லீக் நிக்கற மருந்தும் ஒரு டப்பா போட்டுடலாம்ங்கறார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் டெக்ஸ்ரான் 6 கையில கொடுக்கறார். எதை ஊத்தறதுங்க?

டீசல்_துரை
மூடியில என்ன போட்டிருக்கோ அதுதான் ஊத்தணும், இதுல யோசிக்க என்ன இருக்கு? டெக்ஸ்ரான் 3 ஏடிஎஃப், செகப்பு நிறம், எல்லா ஆயில் கடையிலயும் கிடைக்கும். டப்பாவுல இருக்கறதை பெரிய சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க. இன்ஜினை ஓட விட்டு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் திருப்புங்க. நாலு நாள் ஓட்டிட்டு மறுபடி உறிஞ்சுங்க. டப்பாவுல ஓரளவு செகப்பு தெரியற வரைக்கும் இதையே செய்யுங்க. ஹோஸை எதுவும் கழட்ட வேண்டாம்.

நாமக்கல்_லைன்
தம்பி, அவசரப்படாதீங்க. இத்தனை லட்சம் ஓடின வண்டியில பழைய ஆயிலைக் கிளறினா வேலை வரும். உள்ள படிஞ்ச கசடுதான் பல இடத்துல சீலையே காப்பாத்திட்டு இருக்கும். புது ஆயில் அதைக் கழுவி விட்டா நாளைக்கே ரேக், அதான் சக்கரத்தை ரெண்டு பக்கமும் தள்ளித் திருப்பற ஸ்டியரிங் பாகம், ஒழுக ஆரம்பிக்கும். குறைஞ்சதை மட்டும் ஊத்திட்டு ஓட்டுங்க. எங்க வண்டிங்க எல்லாம் அப்படித்தான் ஓடுது.

டீசல்_துரை
அண்ணே, கசடு சீலைக் காப்பாத்துதுன்னா அந்த சீல் எப்பவோ போயிடுச்சுன்னு அர்த்தம். அதுவும் இல்லாம அந்தக் கறுப்பு வெறும் சூட்டுல கருகின ஆயில் மட்டும் இல்லை. ஹோஸ் உள்பக்கம் உதிர்ற ரப்பர், பம்புக்குள்ள சுத்தற வேன்ங்கற தகடு தேயற இரும்புத் தூள் எல்லாம் அதுல இருக்கு. வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. நடுவுல பொடிப்பொடியா நின்னா, அதைத்தான் பம்ப் நாள் முழுக்கக் குடிச்சுட்டு இருக்கு.

கிரீஸ்கை
துரை சொன்ன டெக்ஸ்ரான் 3 விஷயத்துல ஒரு திருத்தம். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனி அதுக்கு லைசென்ஸ் கொடுக்கறதை 2006 முடிவோட நிறுத்திடுச்சு. இன்னைக்கு டப்பாவுல "டெக்ஸ்ரான் 3"ன்னு அச்சடிச்சு விக்கறது எல்லாம் தயாரிச்சவன் சொந்தப் பொறுப்புல போடற வார்த்தை. நல்ல கம்பெனி ஆயில்னா கவலையில்லை, பேர் தெரியாத டப்பான்னா யோசிக்கணும். டெக்ஸ்ரான் 6 அதோட அடுத்த வாரிசு, பழசு கேக்கற இடத்துல போடலாம்னு ஜிஎம்மே சொல்லியிருக்கு. கடைக்காரர் கொடுத்ததுல தப்பே இல்லை.

டீசல்_துரை
6 தண்ணியா இருக்குமே சார்? 100 டிகிரி சூட்டுல 3-க்கு பாகுத்தன்மை 7 சென்டிஸ்டோக்ஸ் பக்கம் வரும், 6-க்கு ஆறுதான். தேஞ்ச பம்புல வேனுக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடியிருக்கும். அதுல மெல்லிசு ஆயிலை விட்டா மத்தியான வெயில்ல, டிராஃபிக்ல, ஐடிலிங்ல ஸ்டியரிங் கனக்கும்.

கிரீஸ்கை
புதுசுல ஏழு, சரி. ஓட ஓட அந்த ஏழு நிக்காது. பம்புல அரைபட்டு அரைபட்டு 3 இளகி, 6 இருக்கற இடத்துக்கே வந்துடும். 6 மெல்லிசா ஆரம்பிச்சாலும் அதே நிலையில ரொம்ப நாள் நிக்கும். ஐடிலிங்ல கனத்து, ஆக்சிலேட்டர் லேசா மிதிச்சதும் லகுவாச்சுன்னா அது ஆயில் பிரச்சினை இல்லை, பம்ப் தேய்மானம்.

ரேக்_வேலை
ரெண்டு பேரும் 3-ஆ 6-ஆன்னு சண்டை போடறீங்க. பட்டறையில ரேக் பிரிக்கறவன் நான், சொல்றேன் கேளுங்க. ரெண்டுல எது ஊத்தினாலும் இந்த வண்டி ஓடும். தரையில சொட்டு விழலை, ஆனா ஆயில் குறையுதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது ரேக்கோட ரெண்டு ஓரத்துல இருக்கற ரப்பர் பூட். ஓர சீல் போனா ஆயில் பூட்டுக்குள்ளயே தேங்கும், வெளியில தெரியாது. பூட்டோட சின்ன கிளாம்பைத் தளர்த்தி விரலை விட்டுப் பாருங்க. விரல்ல எண்ணெய் ஒட்டுச்சுன்னா எந்த ஆயிலும் அதை நிறுத்தாது.

சத்தம் தனிக் கதை. இன்ஜின் ஓடறப்போ டப்பாவைத் திறந்து பாருங்க. நுரையா, பால் மாதிரி இருந்தா காத்து இழுக்குது. டப்பாவுல இருந்து பம்புக்குப் போற ஹோஸ் கெட்டிப்பட்டு கிளாம்ப் பிடிக்காம இருக்கும். அந்தப் பக்கம் உறிஞ்சற பக்கம்கறதால ஆயில் வெளிய கசியாது, காத்துதான் உள்ள போகும். சில வண்டியில டப்பாவுக்கு அடியில சல்லடை இருக்கும், அது அடைச்சாலும் இதே ஊய்ங்தான்.

வேலூர்_டாக்சி
எல்லாரும் அந்த லீக் மருந்தைக் கண்டுக்கவே இல்லை. நான் போட்டிருக்கேன், என் குவாலிஸ்ல கேட்டுச்சு. ரேக்கைப் பிரிச்சு ரீகண்டிஷன் பண்ணணும்னா வண்டி பட்டறையில நிக்கும், சவாரி போகும். கல்யாண சீசன்ல வண்டியை நிறுத்த முடியுமா? சீசன் முடியற வரைக்கும் மருந்து தாங்குச்சு, எனக்கு அது போதும்.

ரேக்_வேலை
கேக்கும்ணே, இல்லைங்கலை. ரப்பரை ஊற வச்சு உப்ப வைக்கற சரக்கு அது. காய்ஞ்சு சுருங்கின சீல் கொஞ்ச நாள் இறுக்கிப் பிடிக்கும். ஆனா ஓர சீலை மட்டும் பார்த்து உப்ப வைக்காது, ஹோஸ், ஓ-ரிங், பம்ப் சீல் எல்லாத்தையும் சேர்த்துத்தான். அளவு மீறினா மெத்துன்னு ஆகி சீலோட உதடு மடிஞ்சுடும். அந்த மாதிரி சீலை ரேக்குல இருந்து எடுக்கறப்போ கையோட பிசுபிசுன்னு பிஞ்சு வரும். கிழிஞ்ச சீலுக்கு எதுவுமே கேக்காது.

வேலூர்_டாக்சி
சொந்த வண்டி வச்சிருக்கறவங்களுக்கு உங்க கணக்கு சரி. ஓட்டிச் சம்பாதிக்கறவனுக்கு என் கணக்கு. மறுபடி ஒழுகினா மறுபடி ஊத்துவேன்.

நாமக்கல்_லைன்
வேலூர்காரர் சொல்றதுதான் நடைமுறை.

கிரீஸ்கை
பச்சை ஆயில் பத்தி யாரும் சொல்லலை. ஐரோப்பா வண்டிங்களுக்கு, உதாரணமா பழைய ஸ்கோடா ஆக்டேவியாவுக்கு, பச்சை ஹைட்ராலிக் ஆயில் தனியா உண்டு. விலையும் அதிகம். கடுங்குளிர்லயும் உறையாம ஓடறதுதான் அதோட பெரிய பலம். பவானி வெயிலுக்கு அந்தப் பலம் எதுக்கு? "எல்லாத்துக்கும் சேரும்"னு எழுதின மலிவு டப்பாவா இருந்தா அது இந்த ஐரோப்பா ஆயில்கூட இல்லை. நிறத்தை நம்பி எதையும் ஊத்தாதீங்க, பல கூலன்ட்டும் பச்சைதான்.

இன்னொண்ணு. ஆயில் இல்லாத நேரத்துல பிரேக் ஆயிலை ஊத்தறவங்க உண்டு. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் வகை, மினரல் ஆயிலுக்குன்னு செஞ்ச ஸ்டியரிங் சீலை அது கெடுத்துடும். வழியில மாட்டிக்கிட்டா ஏதாவது ஒரு ஏடிஎஃப் தேடிப் பிடிங்க.

ஹோண்டா_2001
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட பழைய சிட்டி இருக்கு. அதுக்கும் இதே ஏடிஎஃப் ஊத்தலாமா?

டீசல்_துரை
வேண்டாம். ஹோண்டா தனக்குன்னு பவர் ஸ்டியரிங் ஆயில் வச்சிருக்கு. அதை மட்டும் ஊத்துங்க.

ரேக்_வேலை
ஆமா, சிட்டிக்கு அதுதான். ஏடிஎஃப் ஆகாது.

பவானிக்காரன்
எல்லாருக்கும் நன்றிங்க. சாயங்காலம் ஜாக்கி போட்டுப் பார்த்தேன். வலது பூட் காய்ஞ்சு கிடக்கு. இடது பூட்ல கிளாம்பைத் தளர்த்தினதும் விரல் முழுக்க எண்ணெய். பூட்டோட மடிப்புல ஒரு கிழிசலும் இருக்கு, மேல்பக்கம். டப்பாவுல நுரை இல்லை. மருந்து வேண்டாம்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன். இப்போதைக்கு டெக்ஸ்ரான் 3 வாங்கி சிரிஞ்சுல மாத்தறேன். கடையில நல்ல கம்பெனியோடது 3-தான் இருந்துச்சு. ரேக்கை அடுத்த மாசம் இறக்கலாம்னு இருக்கேன்.

நாமக்கல்_லைன்
ஆயிலை மாத்தாதீங்கன்னுதான் இப்பவும் சொல்வேன். எப்படியும் ரேக் இறக்கப் போறீங்க, அப்போ ஒட்டுமொத்தமா மாத்துனா ஒரே செலவோட முடியும்ல?

டீசல்_துரை
ஒரு மாசம் அந்தத் தூளைப் பம்ப் குடிக்கணுமா அண்ணே? ஆயில் லிட்டர் என்ன விலை, பம்ப் என்ன விலை?

ரேக்_வேலை
மேல்பக்கம் கிழிசல்னா மழைத்தண்ணி உள்ள போயிருக்கும் தம்பி. அடுத்த மாசம் வரைக்கும் அப்படியே விடாதீங்க, பூட்டை மட்டுமாவது உடனே மாத்துங்க. இறக்கறப்போ கூடவே நில்லுங்க. ரேக் கம்பியைத் துடைச்சதும், சீல் உரசற இடத்துல நகத்தால நீளவாக்குல இழுத்துப் பாருங்க. நகம் எங்கேயும் தட்டலைன்னா சீல் செட் மட்டும் போதும். துருப் புள்ளியில நகம் மாட்டுச்சுன்னா புது சீல் போட்டும் பிரயோஜனம் இல்லை, அந்தப் புள்ளியே அதை அறுத்துடும். கம்பியையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பிடிச்சு வைக்காதீங்க, பார்க்கிங்ல ஒரு இழை தளர்த்தியே விடுங்க.