சைலேன் மன்னா: ஒரே கிளப்பில் 19 ஆண்டுகள்?

கேள்வி: இந்தியக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் சைலேன் மன்னா 1942 முதல் 1960 வரை கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பை விட்டு நகரவே இல்லையாமே, உண்மையா? 1948 ஒலிம்பிக்கில் பெனால்டியை வீணடித்தவர் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில் 1: உண்மைதான். லண்டனில் பிரான்சுக்கு எதிராக நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன, இரண்டுமே வீண். ஒன்றை உதைத்தவர் மன்னா. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டும் 2-1 என்று தோற்றோம். நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள்.

பதில் 2: அந்த ஒரு உதையை வைத்து அவரை எடைபோடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1951இல், டெல்லி ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். கோல் மேவாலால் போட்டது. ஆனால் கோல் விழாமல் காத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? என் அப்பா கொல்கத்தாவில் வேலை பார்த்தவர். மன்னாவின் ஃப்ரீ கிக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் சோறு பிசையும் கை அப்படியே நின்றுவிடும். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும் மன்னா தலைமையில்தான். அதன் பிறகும் எட்டு ஆண்டுகள் மோகன் பகானின் அதே பச்சை, அரக்குச் சட்டைதான்.

கேள்வி கேட்டவர்: நன்றி. உங்கள் அப்பா சொன்னதை இன்னும் எழுதுங்கள்.