மூக்கின் பின்புறப் புற்றுநோய்: தம்பிக்காகக் கேட்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 22 வயது. கழுத்தில் நோகாத கட்டி, ஒரு பக்கக் காது மட்டும் அடைப்பு, காலையில் சளியோடு கொஞ்சம் இரத்தம். பீனிசம் என்று மருந்து எடுத்தோம், பிறகு காசநோய்க் கட்டி என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் மூக்குக்குள் கமரா விட்டுச் சதைத் துண்டு எடுத்துப் பார்த்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள வகை.

அந்த வைரஸ் பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் இருக்கிறது. மிகச் சிலருக்கே இப்படி ஆகிறது. புற்றுநோய் தொற்றாது. வீட்டுக்கு வந்த ஒருவர் அவன் குடித்த கோப்பையைத் தனியாக வைக்கச் சொன்னார். அவன் பக்கத்தில்தான் இருந்தான். அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் ஜெம்சைட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற மருந்துகளால் கீமோ, அப்புறம் கதிர்ச் சிகிச்சை என்று டொக்டர் சொல்கிறார். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சை முடித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து கதையுங்கள். முக்கியமாக இளம் ஆட்கள். அவனுக்கு அவர்களோடு பேச ஆசை.

இரத்தத்தில் அந்த வைரஸின் டி.என்.ஏ. அளவைப் பார்க்கும் பரிசோதனையை இலங்கையில் எங்கே செய்தீர்கள்? கதிருக்கு முன் பல் டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள், சரி. வாய் வறண்டு, தொண்டை புண்ணான நாட்களில் என்ன சாப்பிட முடிந்தது? பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்காகக் கீமோவுக்கு முன் விந்தணு சேமித்து வைத்தவர்கள் இருக்கிறீர்களா? வீட்டில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை, ஆனால் கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. பொதுவில் எழுத விருப்பமில்லாவிட்டால் இன்பொக்ஸில் எழுதுங்கள்.