17 வயதுப் பையன் மேல் கொலைப் பழி: படத்தைப் பரப்பலாமா, தூக்குக் கேட்கலாமா?

செவ்வூரணி (திரியைத் தொடங்கியவர்)
இரண்டு நாளாகச் செட்டிநாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), ஐயா (தாத்தா) மூவரையும் 17 வயதுப் பையனே கொன்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு. ட்யூஷனுக்குப் போயிருந்த 12 வயதுத் தங்கை மட்டும் மிஞ்சியிருக்கிறாள். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை, யாரும் எழுத வேண்டாம். செய்தியோடு மூன்று சுற்றி வருகின்றன: பையனின் பள்ளிச் சீருடைப் படம், வீட்டு முகப்பின் படம், "பெரியவனாக விசாரித்துத் தூக்கில் போடு" என்ற கையெழுத்து மனு. இந்த மூன்றைப் பற்றியும் பேசுவோம்.

பர்மாத்தேக்கு
செத்தவங்க மூணு பேர் படமும் எல்லா டிவியிலயும் ஓடுது. கொன்னவன் முகத்தை மட்டும் ஏன் மூடணும்? பிறந்தநாளுக்கு முதல் நாள் செஞ்சா குழந்தை, மறுநாள் செஞ்சா கொலைகாரனா? 2012 டெல்லி பஸ் பலாத்கார வழக்குல 17 வயசுக்காரன் 3 வருஷத்துல வெளிய வந்துட்டான். மக்கள் தெருவுக்கு வந்ததாலதான் 2015ல சட்டமே மாறுச்சு. ஊரு கோபப்படுறது தப்பில்லை. கோபப்படாத ஊருதான் பயமா இருக்கு. மனுவுல நான் கையெழுத்துப் போட்டாச்சு.

வழக்குக்கட்டு
அண்ணே, கோபத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனுவில் இருப்பது கிடைக்கவே கிடைக்காத ஒன்று. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 21-ஐப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. பெரியவராக விசாரித்தாலும் இதே நிலைதான். ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் அதை வைத்து எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது.

படத்துக்கு வருகிறேன். பிரிவு 74: பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியவைக்கும் வேறு எந்த விவரமும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கு மட்டும் உள்ள தடை இல்லை இது. குழுவில் 'ஃபார்வர்டு' அழுத்துகிறவருக்கும் பொருந்தும். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையையும் பட்டையில் உள்ள பள்ளிச் சின்னத்தையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதுவும் மீறல்தான்.

கொப்புடையாள்துணை
முகப்புப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் பக்கத்து வீட்டுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் எதற்கு? நிலைக்கு மேலே சுதையில் விலாசம் இருக்கிறது, அதாவது குடும்ப இனிஷியல், நாலு எழுத்து. அந்த நாலு எழுத்தைப் பார்த்தால் எந்தக் கோயில், எந்த ஊர், எந்த வீட்டுப் பங்காளி என்று சிங்கப்பூரில் இருக்கிறவருக்கும் தெரியும். பையன் பெயரை மறைத்துவிட்டு விலாசத்தைப் போட்டால் மறைத்ததாக அர்த்தமா?

இன்னொன்று. அந்தத் தங்கையும் குழந்தைதான். பிரிவு 74 குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கு மட்டும் இல்லை, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் சாட்சியான பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அவள் இரண்டும் ஆவாள். அண்ணன் படத்தைப் போட்டால் அவள் படத்தைப் போட்டதாகத்தான் அர்த்தம். அடுத்த ஜூனில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் விண்ணப்பத்தில் அதே இனிஷியல்தானே இருக்கும்.

பர்மாத்தேக்கு
ஆச்சி, விலாசம் விஷயம் நியாயம். முகப்புப் படத்தை நான் இருக்கிற இரண்டு குழுவுல எடுக்கச் சொல்லிட்டேன். ஆனா பையன் விஷயத்துல மாற மாட்டேன். போலீஸ்ல வாக்குமூலம் குடுத்துட்டான்னு செய்தியில வந்தாச்சு. இன்னும் "குற்றம் சாட்டப்பட்ட"ன்னு என்ன இழுவை?

வழக்குக்கட்டு
போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, பாரதிய சாட்சிய அதிநியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 23. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்பு அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சிறுவனிடம் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவதையும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் தடுக்கின்றன. விலங்கு போடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். செய்தியில் வரும் "ஒப்புக்கொண்டான்" என்ற சொல்லுக்கு வழக்கில் எடை அநேகமாக ஒன்றுமில்லை.

குருகிராம் பள்ளி வழக்கு நினைவிருக்கிறதா? 2017 செப்டம்பர் 8, இரண்டாம் வகுப்புப் படித்த 7 வயதுக் குழந்தை பள்ளிக்குள்ளேயே கொல்லப்பட்டான். அன்றைக்கே பஸ் கண்டக்டரைப் பிடித்தார்கள். அவர் கேமரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார். நாடே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. நவம்பரில் சி.பி.ஐ. அதே பள்ளியில் 16 வயது மாணவனைப் பிடித்தது. 2018 பிப்ரவரியில் கண்டக்டரை நீதிமன்றம் வழக்கிலிருந்தே விடுவித்தது. அந்த இரண்டு மாதக் கூச்சலில் அவர் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு?

பர்மாத்தேக்கு
அதே வழக்கை நானும் சொல்றேன். அந்த 16 வயசுப் பையனைச் சிறுவனா விசாரிக்கணுமா பெரியவனா விசாரிக்கணுமாங்கிறதுக்கே எத்தனை வருஷம்? 2017 டிசம்பர்ல குழுமம் பெரியவன்னு சொல்லுச்சு. 2018ல உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. 2022 ஜூலையில உச்ச நீதிமன்றம் மறுபடி ஆய்வு பண்ணுன்னு சொல்லுச்சு. அக்டோபர்ல குழுமம் மறுபடி பெரியவன்னு சொல்லுச்சு. 5 வருஷம்! கொலை நடந்தப்ப 16, கேள்விக்குப் பதில் வரும்போது 21. பெத்த வயிறு அத்தனை வருஷம் எரிஞ்சுட்டு இருக்கணுமா?

வழக்குக்கட்டு
இதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரியவராக விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதல்கட்ட ஆய்வை முதல் ஆஜர் நாளிலிருந்து 3 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது கட்டாயக் கெடு இல்லை, வழிகாட்டுதல்தான் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீட்டிக்க இடம் இருக்கிறது, நீள்கிறது.

கண்மாய்க்கரை
அந்த ஆய்வு என்னவென்று தெரியாமலேயே இரு பக்கமும் சண்டை போடுகிறோம். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 15. 16 வயது முடிந்தவர், குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம், இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வு. குழுமம் மூன்று விஷயம் பார்க்கிறது: செய்ய மனதளவிலும் உடலளவிலும் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது. குற்றம் செய்தானா இல்லையா என்பது இதில் வராது.

கெடுவது எங்கே தெரியுமா? பல இடத்தில் ஐ.க்யூ. எண் ஒன்றை எடுத்து, "கொல்வது தப்பு என்று தெரியுமா?" என்று கேட்டு, "தெரியும்" என்றதும் பெரியவன் என்று எழுதிவிடுகிறார்கள். 7 வயதுப் பிள்ளையும் தெரியும் என்றுதான் சொல்லும். விளைவு என்றால் அந்தக் கணத்து விளைவு மட்டும் இல்லை. செத்தவர் குடும்பத்துக்கு, தனக்கு, நாளைக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் சேர்த்துத்தான் என்று 2022 தீர்ப்பு சொன்னது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநலமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்றும் சொன்னது.

அடுத்தது தாமதம். கொலைக்கு மூன்று நாள் முன்பு அவன் தூங்கினானா, மாத்திரை நிறுத்தினானா, பள்ளிக்கு எத்தனை நாள் வரவில்லை, ஐயாவுக்கும் அவனுக்கும் என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் முதல் வாரத்தில் கேட்டால்தான் கிடைக்கும். நன்னடத்தை அலுவலர் 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். ஊரில் எல்லோரும் "சின்ன வயசிலேயே பேய்" என்று பேசி முடித்த பிறகு ஆசிரியரும் அக்கம்பக்கமும் அந்தப் பேச்சைத்தான் திருப்பிச் சொல்வார்கள், தாங்கள் பார்த்ததை இல்லை. "செல்போன் விளையாட்டால் வந்தது" என்று இதே திரியில் எழுதிவிட்டு அழித்தவருக்கும் இதையே சொல்கிறேன்.

பர்மாத்தேக்கு
சரி, ஆய்வு ஒழுங்கா நடக்கட்டும். பெரியவன்னு முடிவானா என்ன ஆகும்? சிறைக்குப் போவானா?

வழக்குக்கட்டு
குழுமம் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அது மறுபடி யோசித்துத் தானே முடிவெடுக்கும். பெரியவராக விசாரித்துத் தண்டனை கொடுத்தாலும் 21 வயது வரை சிறை இல்லை, "பாதுகாப்பு இடம்" என்ற தனி இல்லம்தான். 21-இல் அவனை மறு மதிப்பீடு செய்வார்கள்: நிபந்தனையோடு விடலாம், அல்லது மீதித் தண்டனைக்குச் சிறைக்கு அனுப்பலாம். "மூன்றே வருஷம்" என்பது சிறுவனாகவே முடிவானால்தான்.

ஒரு நுணுக்கம். கொலைக் குற்றம் நிற்காமல் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 105-க்கு, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு இறங்கினால், குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு இல்லை. அப்போது அது கொடுங்குற்றமே ஆகாது, பெரியவராக விசாரிக்கும் பேச்சே விழுந்துவிடும். உங்களுக்குக் கடுமையான தண்டனைதான் வேண்டும் என்றால் முதலில் காப்பாற்ற வேண்டியது சாட்சியத்தை.

செவ்வூரணி
அதை விளக்கமாக எழுதுங்கள். அந்தத் தெருவில் இருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

வழக்குக்கட்டு
வீடுதான் முதல். உடல்களை எடுத்துப் போனதும் தீட்டுப் போக வளவை (வீட்டு உள்முற்றத்தை)க் கழுவிவிடுவார்கள், பங்காளிகள் நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல், மேலே பளபளப்பாக இருந்தாலும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ரத்தம் இறங்கி நிற்கும். யார் எந்த அறையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தார், எங்கே விழுந்தார் என்பதை அந்த இடுக்கு சொல்லும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் போச்சு. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்தில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கே வர வேண்டும், பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம்) பிரிவு 176. அவர் முடித்து, போலீஸ் சாவியைக் கொடுக்கும்வரை ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. பல பங்காளிகள் புழங்கும் வீடு என்றால் பொது நடை, பின்கட்டு, கிணற்றடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது கேமரா. எதிர்வீட்டு டி.வி.ஆர். (கேமராப் பதிவுப் பெட்டி) திரையைச் செல்போனில் படம் பிடித்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். அந்த நகல் சாட்சியம் ஆகாது. மூலப் பதிவும் சாட்சிய அதிநியம் பிரிவு 63 சான்றிதழும் வேண்டும். 1 டி.பி. வட்டில் நாலு கேமரா ஓடினால் பத்திலிருந்து இருபத்தைந்து நாளில் பழைய பதிவின் மேல் புதியது எழுதிவிடும். வீட்டுக்காரர் இன்றைக்கே விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, பெட்டியோடு ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

மூன்றாவது, படம். கத்தி விற்ற கடைக்காரர், பஸ்ஸில் பார்த்தவர் போன்றவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. அடையாள அணிவகுப்பில் அவர்கள்தான் காட்ட வேண்டும். அதற்கு முன்பே படம் அவர்கள் செல்போனுக்கு வந்துவிட்டால், "வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் காட்டினார்" என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அந்தச் சாட்சியை உடைத்துவிடும். படத்தைப் பரப்புகிறவர் அவனுக்குத்தான் உதவுகிறார்.

பர்மாத்தேக்கு
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். சீருடைப் படத்தையும் எடுக்கச் சொல்றேன். மனுவை அடிச்சுட்டு வேற எழுதுவோம். என்ன கேட்கலாம்?

வழக்குக்கட்டு
சிறப்பு அரசு வழக்கறிஞர் கேளுங்கள். தடய அறிக்கை சீக்கிரம் வரவேண்டும், ஆய்வுக்கு மனநல நிபுணர் வேண்டும், 3 மாதக் கெடுவை நீட்டக் கூடாது என்று கேளுங்கள். தங்கை சார்பில் ஒரு வழக்கறிஞர் அரசுத் தரப்புக்கு உதவியாக நிற்கச் சட்டத்தில் இடம் உண்டு.

கண்மாய்க்கரை
சொத்துப் பேச்சும் கிளம்பிவிட்டது. "இனி அவனுக்கு வீட்டில் பங்கு இல்லை" என்று ஒரு பங்காளி பேசிய ஒலிப்பதிவு சுற்றுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 25, கொலை செய்தவர் கொலையுண்டவர் சொத்தை அடைய முடியாது என்கிறது. அதை முடிவு செய்வது சிவில் நீதிமன்றம், பதினாறாம் நாள் கூடும் பங்காளிக் கூட்டம் இல்லை. அவன் வெளியேறினாலும் பங்கு தங்கைக்குப் போகும், பங்காளிக்கு இல்லை. குற்றத்தை உரக்கப் பேசுகிறவர் யாரென்று பார்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

கொப்புடையாள்துணை
அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. போலீஸ் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, இருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். யார் வீட்டில் இருக்கிறாள் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் குழந்தை நலக் குழுவிலும் பதிய வேண்டும், 1098-க்கு அழைத்தால் போதும். சொந்தக்காரர் வைத்துக்கொண்டால் வருமான வரம்புக்கு உட்பட்டு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தனியாக மனுப் போட வேண்டும்.

கொள்ளி யார் வைப்பது என்று குழுக்களில் அடித்துக்கொள்கிறார்கள். "அவன் கையால் கூடாது" என்று ஒரு கூட்டம். அவன் கேட்டால்?

பர்மாத்தேக்கு
கேட்கவே கூடாது ஆச்சி. அந்தக் கையாலயா? இதுல எனக்கு எந்தச் சட்டமும் வேணாம்.

வழக்குக்கட்டு
சட்டத்தில் இடம் இருக்கிறது அண்ணே. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 98, இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு உறவினர் சாவுக்குக் கண்காணிப்போடு 7 நாள் வரை விடுப்பு தரலாம். தருவதும் மறுப்பதும் குழுமம். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கொடுக்க ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆகும். அதனால் முதல் ஆஜர் அன்றைக்கே அவன் வழக்கறிஞரோ நன்னடத்தை அலுவலரோ கேட்க வேண்டும். குழுமம் கூடாத நாள் என்றால் ஓர் உறுப்பினர் முன் நிறுத்துவார்கள், அங்கேயே கேட்கலாம். வாசலில் இருநூறு பேர் செல்போனோடு நின்றால் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள்.

கொப்புடையாள்துணை
அவன் வரட்டும், வராமல் போகட்டும். தங்கையிடம் யாராவது கேட்டார்களா? அவள் வைக்கிறேன் என்றால் வைக்கட்டும். பங்காளிகள் பின்னால் நிற்கட்டும். இன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் செல்போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

செவ்வூரணி
சீருடைப் படமும் முகப்புப் படமும் இந்தத் திரியிலிருந்து நீக்கப்பட்டன. விலாசத்தைக் குறிப்பிட்ட நாலு பதில்களும் நீக்கப்பட்டன. புது மனுவின் வரைவைப் பர்மாத்தேக்கு நாளைக்குப் போடுவார், திருத்தங்களை அதன் கீழே எழுதுங்கள்.