ரிசப்ஷனில் வாழ்த்துரை: மூன்று பேர் போதுமா, மைக்கைப் பொதுவில் விடலாமா?

நீலக்குடை:
அடுத்த மாதம் என் தோழியின் திருமண ரிசப்ஷன். கிளாஸை உயர்த்தி வாழ்த்தும் டோஸ்ட் பகுதியை நான் நடத்த வேண்டும். மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், அத்தோடு மைக்கை அணைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவளுடைய அண்ணனோ விருப்பப்படுகிற எல்லாரும் பேசட்டும் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடைசிவரிசை:
நான் உங்கள் பக்கம். மூன்று நிமிடம் ஒன்றும் குறைவில்லை. போன வருடம் ஒரு ரிசப்ஷனில் மைக்கைப் பொதுவில் விட்டார்கள். பதினொரு பேர் பேசினார்கள். ஆறாவதாக வந்தவர் மாப்பிள்ளையின் பழைய காதல் கதையை எடுத்தார். கூட்டம் சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். ஆனால் மேசைக்குக் கீழே நாப்கினை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பக்கத்து மேசையில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. இன்னும் மனது கேட்கவில்லை.

மழைக்காகிதம்:
அது பேசியவரின் தவறு, மைக்கின் தவறு இல்லை. முன்கூட்டியே பெயர் கொடுத்த மாப்பிள்ளைத் தோழன் அதே கதையைச் சொல்லமாட்டானா? என் திருமணத்தில் பட்டியலில் இல்லாமல் எழுந்தவர் என் சித்தி மட்டும்தான். கையில் காகிதம் இல்லை. "உன் அம்மா இருந்திருந்தால் முதலில் உன் முடியைச் சரிசெய்திருப்பாள், அப்புறம்தான் அழுதிருப்பாள்" என்றார். என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டியலை மூடியிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

இன்னொன்று. பிரிட்டனில் பழைய வழக்கப்படி பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன் என்று மூன்று பேர்தான் பேசுவார்கள். மணப்பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. மூன்று பேர் பட்டியல் என்றாலே எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

கடைசிவரிசை:
மணப்பெண் பேசட்டும், முதலில்கூடப் பேசட்டும், யார் தடுத்தார்கள்? உங்கள் சித்தி இரண்டு வரியில் முடித்தார் என்றால் அது அவருடைய பக்குவம். மைக் கிடைத்த பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அது இருக்கும்? டோஸ்ட் என்பது சொற்பொழிவு இல்லை. கடைசி வரியில் இருவர் பெயரையும் சொல்லி, கிளாஸை உயர்த்தி முடிக்க வேண்டும். பாதிப் பேர் அதை மறந்து பேசிக்கொண்டே போகிறார்கள். எப்போது எழுவது என்று தெரியாமல் கூட்டம் கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறது.

பித்தளைமணி:
நடுவில் ஒரு சந்தேகம். நான் மது தொடுவதில்லை. ஒருமுறை தண்ணீர் கிளாஸை உயர்த்தியதற்கு, "தண்ணீரில் வாழ்த்தினால் ஆகாது" என்று ஒருவர் எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். நான் செய்தது தவறா?

மழைக்காகிதம்:
தவறே இல்லை. பழச்சாறு, தண்ணீர் எதுவானாலும் சரி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மசாலா சேர்த்து வாட்டிய ரொட்டித் துண்டை மதுவில் போட்டுக் குடித்தார்கள், டோஸ்ட் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இன்று யாரும் ரொட்டி போடுவதில்லையே! அடுத்தவர் கிளாஸில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்வதுதான் மரியாதைக் குறைவு.

கடைசிவரிசை:
இதில் மழைக்காகிதத்தோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூடவே, வாழ்த்துப் பெறுகிறவர்கள் அந்த நேரத்தில் எழுந்து தாங்களும் குடிக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே புன்னகைத்தால் போதும். மணமக்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

நீலக்குடை:
இரண்டு தரப்பையும் படித்துவிட்டு நேரே தோழியிடமே போய்க் கேட்டேன். எதைப் பேசக் கூடாது என்று இரண்டு விஷயம் சொன்னாள், பேசப்போகிறவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிவிடுவேன். யார் பேச வேண்டும் என்றதற்கு ஒரே பெயர்தான் சொன்னாள். அவளுடைய பாட்டி. என் பட்டியலிலும் இல்லை, அண்ணன் மனதிலும் இல்லை. அவரோடு நான்கு பேர் என்று வைத்துக்கொள்கிறேன்.

மழைக்காகிதம்:
நான்குக்குப் பிறகும் "இன்னும் யாராவது?" என்று ஒருமுறை கேளுங்கள். நான் இதை விடமாட்டேன்.

கடைசிவரிசை:
கேட்க வேண்டாம் என்பதில் நானும் மாறவில்லை. ஆனால் பாட்டிக்கு மட்டும் நிமிடக் கணக்குப் பார்க்காதீர்கள். அவர் உட்கார்ந்தே பேசட்டும், மைக்கை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.