டேக் அடிக்கும்போது ஜிப் ஷீட் மாட்டாமல் இருக்க எப்படிக் கட்டலாம்?

வணக்கம். 26 அடி பாய்மரப் படகு, முன்பாய் (ஜிப்) 130 சதவீத ஜெனோவா, அதாவது பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய பாய். பாயின் பின்மூலை வளையத்தில் 10 மி.மீ. ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இரண்டையும் தனித்தனி பௌலைன் முடிச்சாகக் கட்டியிருக்கிறோம். டேக் அடிக்கும்போது, அதாவது முகப்பைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி மறுபக்கம் போகும்போது, ஒரு முடிச்சு தாண்டினாலும் அடுத்தது முன் ஷ்ரவுடில் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பி) இடித்து நின்றுவிடுகிறது. பாயின் மறுபக்கத்தில் காற்று அடித்து முகப்பு அளவுக்கு மீறித் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு வின்சில் (கயிற்றை இறுக்கும் உருளை) சுற்றித்தான் பாயை இறுக்க முடிகிறது. முடிச்சின் கண்ணியைச் சிறிதாக்கியதில் கொஞ்சம்தான் பலன்.

இப்போது யோசிப்பது, 24 மீட்டர் ஒரே கயிறு. நடுவில் மடித்து வளையத்தில் நுழைத்து, இரு முனைகளையும் அந்த மடிப்புக்குள் விட்டு இழுப்பது. துருத்திக்கொண்டு எதுவும் நிற்காது. ஆனால் பாய் மாற்றும்போது 12 மீட்டர் வாலை முழுக்க உருவ வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்தாலும் மொத்தக் கயிறும் போச்சு.

இன்னொரு வழி, 5 மி.மீ. டைனீமாவில் (வலுவான செயற்கை இழைக் கயிறு) சாஃப்ட் ஷேக்கிள், அதாவது கயிற்றாலேயே செய்த இணைப்பு வளையம். இரும்பு ஷேக்கிள் வேண்டவே வேண்டாம், பாய் படபடக்கும்போது தலையைப் பிளந்துவிடும்.

பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்: ஒரு பக்கம் மட்டும் இழுவிசை விழும்போது மடிப்புக்கட்டு நழுவுகிறதா? சாஃப்ட் ஷேக்கிளைப் பூட்டும் முடிச்சுக் குமிழ் படபடப்பில் கழன்றதுண்டா? குமிழை எந்தப் பக்கம் பார்த்து வைத்தால் ஷ்ரவுடில் உரசாது?