சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் சட்டத்தரணி முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்? (யாழ்ப்பாணம்)

கேள்வி: கோண்டாவில் இளையவள்

வணக்கம். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்து, அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு சமூக சட்ட உதவி நிலையத்தில் சேருகிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும், சின்ன வயதில் நடந்ததை வளர்ந்த பிறகு சொல்ல வருகிறவர்களுக்காகவும் முன்னிலையாக வேண்டும். பிரிவுகள் படித்திருக்கிறேன், நடைமுறைதான் தெரியாது. ஒரு தாய் பிள்ளையோடு வந்து முன்னால் இருந்தால் எதைக் கேட்பது, எதை விடுவது? வழக்குகள் எந்த இடத்தில் உடைகின்றன? தெரிந்த அக்காமார், அண்ணாமார் எழுதுங்கோ.

பதில்: பனையடி

தங்கச்சி, முதல் வேலை பிள்ளையிட்ட முழுக்கதையும் கேட்காமல் விடுறதுதான். பொலிசுக்கு ஒரு வாக்குமூலம், சட்ட வைத்திய அதிகாரிக்கு ஒரு விபரம், நன்னடத்தை உத்தியோகத்தருக்கு ஒண்டு எண்டு பிள்ளை ஏற்கெனவே பல தரம் சொல்லப்போகுது. சொல்லுற ஒவ்வொரு தரமும் சொல் கொஞ்சம் மாறும். மேல் நீதிமன்றத்தில எதிரி தரப்பு அதுகளைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு, இது முரண்பாடு, அது விடுபடல் எண்டு ஒவ்வொண்டாக் குறிச்சுக்கொண்டு போகும். கனக்க வழக்கு உடையிறது அந்த இடத்திலதான்.

பிள்ளையை வேற அறையில நம்பிக்கையான ஒரு ஆளோட இருத்திப்போட்டு, தாயிட்டத் தனியக் கேளுங்கோ. இண்டைக்கு இரவு பிள்ளை எங்க படுக்கப்போகுது, அந்த ஆள் அங்க வந்து போகலாமோ? கடைசியா நடந்தது எப்ப? பிள்ளை முதன்முதல் ஆரிட்டச் சொன்னது, என்ன சொல்லாலை சொன்னது? முறைப்பாடு போட்டாச்சோ? மூண்டாவது கேள்வியைப் புதுச் சட்டத்தரணிமார் விட்டிடுவினம். முதல் கேட்டது ரீச்சராயிருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையாயிருக்கலாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 157ஆம் பிரிவின் கீழ அந்த ஆளின்ர சாட்சியம் பிள்ளையின்ர சொல்லுக்குப் பலம் குடுக்கும். அதே சட்டத்தின்ர 134ஆம் பிரிவுப்படி இத்தனை சாட்சி வேணும் எண்டு கணக்கு ஒண்டும் இல்லை. ஒரு பிள்ளையின்ர நம்பகமான சாட்சியம் போதும்.

பொலிசில சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தில, பெண் உத்தியோகத்தரிட்ட, தமிழில வாக்குமூலம் குடுக்கச் செய்யுங்கோ. எழுதினதை வாசிச்சுக் காட்டினாப் பிறகுதான் கையெழுத்து. சின்னப் பிள்ளைக்குத் திகதி தெரியாது. "எத்தினையாம் திகதி?" எண்டு நெருக்கினா பயத்தில ஏதாவது ஒண்டைச் சொல்லும், அது பிறகு கழுத்தில நிக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னமோ பின்னமோ, புலமைப்பரிசில் சோதினைக்கு முதலோ, எந்த வகுப்பில, எந்த ரீச்சர் எண்டு கேட்டா காலம் தானா வரும். குற்றப்பத்திரிகையில "இந்தத் திகதிக்கும் இந்தத் திகதிக்கும் இடையில்" எண்டு போட அது காணும்.

ஊரில சமரசம் பேச வருவினம். கோயில் தலைவரோ, சொந்தக்காரரோ, காசோ, கலியாணமோ எண்டு வரும். 16 வயசுக்குக் கீழ இணக்கம் எண்ட கேள்விக்கே இடமில்லை. இது இணக்க சபைக்குப் போற விசயமும் இல்லை. தாய்க்கு இதை முதல் நாளே தெளிவாச் சொல்லிவிடுங்கோ, பிறகு சொன்னா நேரம் பிந்திப்போம்.

பதில்: மருத்துவப்பக்கம்

மேலே சொன்னதில் "கடைசியாக நடந்தது எப்போது" என்பது எங்களுக்கு மிக முக்கியம். 72 மணித்தியாலத்துக்குள் என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உயிரியல் தடயங்கள் கிடைப்பதும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்குவதும் அந்த நேரத்தைப் பொறுத்தது. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு ஐந்து நாள் வரை இடமுண்டு; ஆனால் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. பொலிஸ் முறைப்பாடு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையை நேரே விடுதியில் அனுமதிக்கலாம், மருத்துவமனைப் பொலிஸ் மூலம் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் வரும்.

உடுப்பைத் தோய்க்க வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் எல்லாவற்றையும் ஒரே சொப்பிங் பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்தால் தடயமும் போய்விடும், ஒன்றிலிருந்து மற்றதில் ஒட்டியும் விடும்.

இன்னொன்று. அறிக்கையில் "காயம் இல்லை" என்று வந்தால், "ஒன்றும் நடக்கேல்லையாம்" என்று குடும்பம் விளங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை வீட்டில் யாரும் நம்புவதில்லை. இது மிகக் கொடுமையானது. பல துஷ்பிரயோகங்கள் உடலில் அடையாளம் விடுவதில்லை. விட்டாலும் சில நாட்களில் ஆறிவிடும். பரிசோதனைக்கு முன்பே தாய்க்கும் பிள்ளைக்கும் இதை விளங்கப்படுத்துங்கள். வன்புணர்வுக்கு எதிர்த்துப் போராடிய காயம் அவசியமில்லை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

பதில்: ஒழுங்கை முடக்கு

பிள்ளைகள் விடயத்தில் பிரதேச செயலகத்தோடு வேலை செய்கிறவை சார்பில் கொஞ்சம் சேர்க்கிறன்.

சந்தேகநபர் வீட்டுக்குள்ளேயே இருந்தா, பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புறதுதான் எல்லாருக்கும் முதலில வாற யோசினை. அப்ப பள்ளிக்கூடமும் போம், சிநேகிதப் பிள்ளைகளும் போம், தண்டனை பிள்ளைக்குத்தான். முதலில ஆளை வெளியில எடுக்கப் பாருங்கோ. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தாய் ஒத்துவராட்டில், சிறுவரோட வசிக்கிற ஆளோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அதிகாரம் குடுத்த ஆளோ, பொலிஸ் உத்தியோகத்தரோ விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை முதலில, பிறகு விசாரிச்சு 12 மாதம் வரைக்கும். பிணை கேட்டு வந்தா, சாட்சியில தலையிடுவார் எண்ட காரணத்தை வெறும் வாயால சொல்லாமல் எந்த நாள், ஆரை அனுப்பிக் கதைச்சவர் எண்டு எழுத்தில வைச்சிருங்கோ.

தாய் பின்வாங்கினா "பிள்ளையில அக்கறையில்லை" எண்டு முடிவெடுக்காதேங்கோ. வருமானம் கொண்டுவாற ஆள் மறியலில எண்டா அடுத்த கிழமை அடுப்பு எரியாது. 1999இன் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ வழக்கு, பிரதேச செயலகத்தில உதவி எண்டு அந்த வழிகளை வாக்குமூலம் குடுத்த கிழமையிலயே தொடங்கோணும்.

அழைப்பாணையையும் கவனியுங்கோ. யூனிபோமோட மோட்டச்சைக்கிளில ஒழுங்கைக்குள்ள வந்து படலையடியில நிண்டு பேரைக் கூப்பிட்டா, அடுத்த நாள் ஊருக்கே தெரியும். சிவில் உடுப்பில வரச்சொல்லியோ, உங்கட அலுவலகத்தில தரச்சொல்லியோ முன்கூட்டியே பொறுப்பதிகாரிக்குக் கடிதம் குடுக்கலாம். பேரோ அடையாளமோ பத்திரிகையில, முகநூலில வந்தா 365சி பிரிவில குற்றம். அதை உள்ளூர் ஊடகங்களுக்கும் நினைவுபடுத்துங்கோ.

கோண்டாவில் இளையவள்

எல்லாருக்கும் நன்றி. 11 வயதில் நடந்ததை 28 வயதில் சொல்ல வருகிற ஒருவருக்கு? செய்தவர் இப்போது வெளிநாட்டில் என்றால்?

பதில்: பனையடி

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்ர 456ஆம் பிரிவுப்படி கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொது எல்லை 20 வருசம். நீங்கள் சொல்லுற கணக்கில 17 வருசம், அப்ப கதவு திறந்திருக்கு, ஆனா கனகாலம் இல்லை. காலம் போட்டுதெண்டு வாய்க்கணக்கில ஆரையும் திருப்பி அனுப்பாதேங்கோ. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியா வருசம் எழுதிப் பாருங்கோ. ஆள் வெளிநாட்டில எண்டாலும் முறைப்பாடு போடலாம், வந்தால் பிடிக்க நீதிமன்றக் கட்டளை கேட்கலாம், 241ஆம் பிரிவில எதிரி இல்லாமலும் மேல் நீதிமன்றத்தில வழக்கு விளக்கம் (விசாரணை) நடத்த இடமிருக்கு.

சான்று பழசாயிருக்கும், ஆனா இருக்கும். பள்ளிக்கூட வரவு இடாப்பு, அந்தக் காலத்து வீட்டில ஆர் ஆர் இருந்தவை எண்ட வாக்காளர் இடாப்பு, இடம்பெயர்ந்திருந்தா நலன்புரி நிலையப் பதிவு, அப்ப எழுதின நாட்குறிப்பு, சிநேகிதிக்கு அனுப்பின கடிதம். இதுகளை உங்கட கையில எடுத்து எழுதவோ ஒட்டவோ வேண்டாம், இருந்தபடி இருக்கட்டும்.

உளவளத்துணைக்குப் போறதை ஊக்குவியுங்கோ. ஒண்டை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கோ: கட்சிக்காரர் சொன்னதை வெளியில விடாமக் காக்கிற சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 126ஆம் பிரிவின்ர பாதுகாப்பு சட்டத்தரணிக்குத்தான், துணையாளரின்ர குறிப்பை நீதிமன்றம் கேட்கலாம்.

முறைப்பாடு போடுறதோ இல்லையோ எண்டது அவவின்ர முடிவு. போட்டா என்ன நடக்கும் எண்டதை மறைக்காமச் சொல்லுங்கோ. கோவை கொழும்புக்குச் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போனா வருசக்கணக்கு எடுக்கும். தண்டனையும் நினைச்ச மாதிரி வராமப் போகலாம்: சட்டத்தில உள்ள கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின்ர தற்துணிவைக் கட்டாது எண்ட 2008ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க உயர் நீதிமன்றக் கருத்தறிதலுக்குப் பிறகு, 16 வயசுக்குக் கீழான வழக்குகளிலயும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை வந்திருக்கு. இதை அவ தீர்ப்பு நாளில முதன்முதலாக் கேட்கக் கூடாது.

பொலிஸ் அசையாட்டில், அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றத்தில ஒரு மாதம்தான் கெடு. அதுக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ் அலுவலகத்தில முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில சேராது. குடுத்த முறைப்பாட்டின்ர பிரதியில திகதியோட முத்திரை வாங்கி வையுங்கோ.